நீர் ஆற்ற பிள்ளை?

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் பஸ், வேலணையைக் கடந்து வாணர் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரியும். தாம்போதி முடிகிற இடத்தில் புங்குடுதீவு. பனங்கூடல்களையும் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் தாண்டி இறுப்பிட்டிக்குள் இறங்கும் எந்த இளைஞரும் ஒரு கேள்விக்குத் தப்ப முடியாது. படலையடியில் நிற்கும் பெரியவர் கேட்பார்: "தம்பி, நீர் ஆற்ற பிள்ளை?" தகப்பன் பெயரைச் சொன்னால், "எந்த வளவு?" என்பார். அதையும் சொன்னால், "அப்ப உம்மட அப்பம்மாவும் என்ர அம்மாவும் ஒண்டுவிட்ட சகோதரம்" என்று கணக்கை முடிப்பார். இரண்டே கேள்விகளில் நான்கு தலைமுறை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

அதே கேள்வியை இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும், டி.என்.ஏ. பரிசோதனை நிறுவனம் துப்பலுக்காக அனுப்பும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் கேட்கிறது. பெரியவரின் மனக்கணக்கும் நிறுவனத்தின் கணினிக் கணக்கும் செய்வது ஒரே வேலை: இந்த ஆளை எந்தக் கொடியில் பொருத்துவது என்று பார்ப்பது. ஆனால் பெரியவர் கேட்கும்போது கேட்பவர் யார் என்று நமக்குத் தெரியும். எதற்குக் கேட்கிறார் என்பதும் தெரியும். குழாயிடம் விடை சொல்லும்போது அந்த இரண்டும் தெரிவதில்லை. போதாததற்கு, சொல்கிற விடை நம் ஒருவருடைய விடையும் அல்ல. இந்த அத்தியாயம் அந்த விடையைப் பற்றியது: அது எப்படி உண்டாகிறது, அதை எப்படி நம் கைக்கு எடுப்பது, எடுத்தபின் எப்படிக் காப்பது.

துப்பல் கோப்பாகும் வழி

பரிசோதனைக்கு இரண்டு மில்லிலீற்றர் அளவு துப்பல் போதும். வாயின் உட்சுவரில் இருந்து உரிந்த கலங்களும் வெண்குருதிக் கலங்களும் அதில் இருக்கும். ஆய்வுகூடத்தில் அவற்றின் டி.என்.ஏ.யைப் பிரித்துத் துண்டாக்கி, ஒரு சில்லின் மேல் விடுவார்கள். சில்லில் முன்பே பதித்து வைத்த குறுகிய இழைகள் தமக்குப் பொருந்தும் துண்டைப் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்தில் எழும் ஒளியின் நிறத்தைக் கொண்டு, அங்கே இருக்கும் எழுத்து எது என்று கருவி குறித்துக்கொள்ளும். மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் உண்டு. சில்லு வாசிப்பது ஆறு, ஏழு இலட்சம் இடங்களை மட்டும். அவை ஆளுக்கு ஆள் வேறுபடுவதாக முன்பே அறியப்பட்ட இடங்கள்.

அந்த வாசிப்பின் பதிவுதான் மூலத் தரவு. நிறுவனம் காட்டும் வரைபடமும் "இத்தனை சதவீதம் தென்னிந்தியா, இலங்கை" என்ற கணக்கும் மூலத் தரவின் மேல் கட்டிய விளக்கம். ஒப்பிடும் தொகுதி மாறினால் விளக்கமும் மாறும். மூலத் தரவு அப்படியே இருக்கும். கைக்கு வருவது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. திறந்தால் இலட்சக்கணக்கான வரிகள். ஒரு வரி இப்படி இருக்கும்:

ஆர்எஸ்4988235 | 2 | 136608646 | ஜிஜி

முதலில் இருப்பது அந்த இடத்தின் அடையாள எண். அடுத்தது நிறமூர்த்தத்தின், அதாவது குரோமோசோமின் எண். மூன்றாவது, அந்த நிறமூர்த்தத்தில் எத்தனையாவது எழுத்து என்பது. கடைசியில் உள்ள இரண்டு எழுத்துகளில் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. இந்த வரி பால் பற்றியது. இதில் ஏ என்ற எழுத்து ஒன்றாவது இருந்தால், வளர்ந்த பின்னும் பாலின் லக்டோசைச் செரிக்கும் நொதியம் உடலில் தொடர்ந்து உண்டாகும். வட ஐரோப்பாவில் ஏ மிகுதி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஜிஜி மிகுதி.

இது யாருக்கும் தீங்கு செய்யாத வரி. அதே கோப்பில் 19ஆம் நிறமூர்த்தத்தில் ஆர்எஸ்429358 என்ற வரியும் இருக்கும். முதுமையில் வரும் அல்சைமர் மறதிநோய்க்கான சாய்வைக் கணிக்க உதவும் வரி அது. இரண்டு வரிகளும் கோப்பில் ஒரே அளவு இடத்தைத்தான் பிடிக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைக்க வழி இல்லை. கோப்பைக் கொடுத்தால் இரண்டையும் கொடுத்ததாகிறது.

இந்த வரிகளை நோய்த் தீர்ப்பாக வாசிக்கவும் கூடாது. அமெரிக்காவின் அம்ப்ரி ஜெனெடிக்ஸ் ஆய்வுகூடம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மூலத் தரவில் கண்டதாகச் சொல்லி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட மாற்றங்களில் 40 சதவீதம் உண்மையில் இல்லாதவை. அரிதான மாற்றங்களில் பிழை இன்னும் பெருகுவதை 2021இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாகக் காணப்படும் மாற்றங்களைச் சில்லு "உண்டு" என்று சொன்னபோது, அதில் 16 சதவீதமே சரியாக இருந்தது. பயம் தரும் வரி ஒன்று கண்ணில் பட்டால், மருத்துவ ஆய்வுகூடத்தில் மறுபடி சோதித்து உறுதி செய்யும் வரை அதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

சகோதரமும் மச்சானும்

உறவினரைத் தேடித் தரும் தளங்கள் "முதல் கசின்", "மூன்றாம் கசின்" என்று பெயரிடும். அந்த ஒரே சொல்லுக்குள் நம் உறவுமுறையின் பாதி தொலைந்துபோகிறது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் நமக்குச் சகோதரங்கள். மாமா, மாமி பிள்ளைகள் மச்சான், மச்சாள். முதல் வகையில் கலியாணம் நினைக்கவே முடியாது. இரண்டாவது வகையில் அது முறை.

இந்தப் பிரிவு மரபணுவிலும் தெரிகிறது. வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இழைமணியின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும். ஆகவே பெரியப்பா மகனும் நானும் ஒரே வை நிறமூர்த்தத்தைச் சுமக்கிறோம். சின்னம்மா பிள்ளைகளும் நானும் ஒரே இழைமணி மரபைச் சுமக்கிறோம். மாமா பிள்ளைகளோடும் மாமி பிள்ளைகளோடும், இந்த உறவு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், எனக்கு இரண்டுமே பொது இல்லை. உறவுமுறை மரபணுவைப் பார்த்து வகுக்கப்பட்டதல்ல. ஆனாலும் கோடு பிரிவது ஒரே இடத்தில்.

மற்ற 22 சோடி நிறமூர்த்தங்களுக்கு இந்த வேறுபாடு கிடையாது. சகோதரமோ மச்சானோ, இருவரோடும் சராசரியாக 12.5 சதவீதம் பொது. மச்சாளைக் கட்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த தீவில் அந்தப் பொதுப் பங்கு கூடிக்கொண்டே போகும். மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்தால், அவர்களின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி வரிசையில் எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர்தான். பிள்ளையின் மரபணுத் தொகுதியில் சராசரியாக 6.25 சதவீதத்தில் தாய்வழி எழுத்தும் தகப்பன்வழி எழுத்தும் ஒரே முன்னோரிடமிருந்து வந்து ஒன்றாகவே இருக்கும். மூலத் தரவைக் கையில் வைத்திருக்கும் எவரும் சில நிமிடங்களில் இதைக் கணித்துவிடலாம். பெற்றோர் சொந்தமா இல்லையா என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. தளங்களின் உறவுக் கணிப்பும் இங்கே பிழைக்கும். இரண்டு வழியில் மூன்றாம் தலைமுறைச் சொந்தமாக, அதாவது மூன்றாம் கசினாக, இருக்கும் ஒருவரை, அவை இன்னும் நெருங்கிய உறவாகக் காட்டும்.

இந்த நெருக்கத்துக்கு மருத்துவப் பயன் உண்டு. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கே. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் உள்ளிட்ட குழு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு முடிவை வெளியிட்டது. அவற்றில் 81 சமூகங்கள், மரபணு நோய் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகிய தொடக்கக் குழுக்களில் இருந்து வந்தவை. அப்படிப்பட்ட சமூகங்களில் சில அரிய நோய்கள் அடிக்கடி தோன்றும். காரண மரபணுவைக் கண்டுபிடிப்பதும் அங்கே எளிது. நம் டி.என்.ஏ.யை யாரிடமும் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பெறுமதி உண்டு. பெறுமதியான பொருளைக் கொடுக்கும்போது யாருக்கு, எதற்கு, எத்தனை காலத்துக்கு என்று கேட்டுக் கொடுப்பதுதான் முறை.

ஒருவர் துப்பினால் ஊர் பேசும்

நாலு தலைமுறைக்கு முந்திய பாட்டன் பாட்டிச் சோடிகள் ஒருவருக்கு எட்டு. ஒவ்வொரு சோடிக்கும் நான்கு பிள்ளைகள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான்கு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால், ஒரு சோடியின் வழியில் எனக்கு 192 மூன்றாம் தலைமுறைச் சொந்தங்கள் வருவார்கள். எட்டுச் சோடிக்கும் சேர்த்து 1,536. தீவுக்குள்ளேயே கலியாணம் நடந்த ஊரில் இந்தப் பட்டியல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆட்கள் குறைவார்கள், ஒவ்வொருவரோடும் உள்ள இணைப்பு தடிக்கும். ஸ்காபுரோவில் ஒரு பேத்தி துப்பினால், அவளைப் பெற்றவர்களும் சுவிஸில் இருக்கும் மாமாவும் இறுப்பிட்டியில் கண் தெரியாமல் இருக்கும் பெரியம்மாவும் பாதியோ காலோ அரைக்காலோ அந்தக் குழாய்க்குள் போய்விடுகிறார்கள்.

இது வெறும் கணக்கு அல்ல. கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் தேடப்பட்ட தொடர் கொலையாளி ஜோசப் டிஏஞ்சலோ 2018 ஏப்ரலில் கைதானார். அவர் எந்தத் தளத்திலும் தன் டி.என்.ஏ.யைப் பதிந்தவர் அல்ல. தூரத்துச் சொந்தங்கள் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் ஏற்றிய கோப்புகளே அவரிடம் வழி காட்டின. அதே ஆண்டு மரபணு ஆய்வாளர் யானிவ் எர்லிக்கின் குழு, 12.8 இலட்சம் பேரின் தரவை ஆராய்ந்து சொன்னது: ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர்களில் 60 சதவீதத்தினருக்கு மூன்றாம் தலைமுறைச் சொந்தம் ஒன்றாவது அந்தத் தரவில் உண்டு. ஒரு மக்கள் தொகையில் 2 சதவீதம் பேர் பதிந்தால், ஏறத்தாழ எல்லோரையும் இப்படித் தேடிப் பிடிக்கலாம். கொலையாளி பிடிபட்டதில் எவருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் வழி ஒன்று திறந்தபின் அதில் வருவோர் எல்லோரும் நீதியைத் தேடி வருவதில்லை.

இங்கே தமிழர் பெயரிடும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2013இல் மெலிசா கிம்ரெக்கும் எர்லிக்கும், பெயர் நீக்கித் திறந்த தரவாக வைக்கப்பட்ட மரபணுத் தொகுதிகளை எடுத்து, வை நிறமூர்த்தத்தை வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரை ஊகித்தார்கள். சுமார் 50 பேரின் அடையாளத்தை இப்படிக் கண்டுபிடித்தார்கள். மேற்கில் வையும் குடும்பப் பெயரும் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சேர்ந்தே போவதால் அது முடிந்தது. நம்மிடம் தகப்பனின் சொந்தப் பெயரே பிள்ளைக்கு முதல் எழுத்து. ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறும். அந்த வழியில் நம்மைத் தேடுவது கடினம். ஆனால் புலம்பெயர்ந்த நாட்டுக் கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர் நிலையான குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. அந்தக் கவசம் இரண்டாம் தலைமுறையிலேயே கழன்றுகொண்டிருக்கிறது.

திறந்த தரவில் நாமும் இருக்கிறோம். 2015இல் நிறைவடைந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர். அதில் ஒரு குழு "ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்", 102 பேர். பெயரும் நோய் விவரமும் சேர்க்காமல், தரவு உலகுக்குத் திறந்து வைக்கப்படும் என்று முன்பே சொல்லி, சம்மதம் பெற்று எடுத்தவை அவை. கொடுத்தவர்கள் எதற்கு என்று அறிந்து கொடுத்தார்கள். வணிகப் பரிசோதனையில் தேடவேண்டிய தெளிவும் அதுதான்.

பட்டியல்

2023 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை 23அண்ட்மி என்ற டி.என்.ஏ. பரிசோதனை நிறுவனத்தின் கணக்குகளுக்குள் களவாக நுழைந்தார்கள். வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை இங்கே போட்டுப் பார்த்ததுதான் உத்தி. நேரடியாகத் திறந்தவை சுமார் 14,000 கணக்குகள். உறவினரைக் காட்டும் வசதி வழியாக விவரம் வெளியேறியவர்கள் 69 இலட்சம் பேர். ஒருவர் கடவுச்சொல்லில் கவனம் தப்பினால், அவரோடு சேர்ந்து ஏறத்தாழ ஐந்நூறு பேர். பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 2025 ஜூனில் 23.1 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார். மூலத் தரவை எடுப்பதற்குப் போதிய கட்டுப்பாடு இல்லாததும் அவர் சொன்ன குறைகளில் ஒன்று. அதற்கு முன்பே, 2025 மார்ச்சில், நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது. சுமார் 1.5 கோடிப் பேரின் மரபணுத் தரவு நீதிமன்றத்தில் விற்பனைச் சொத்தானது. இறுதியில் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வொஜ்சிக்கி தலைமையிலான இலாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டொலருக்கு வாங்கியது.

அந்தக் களவில் முதலில் வெளியே போடப்பட்டவை அஷ்கெனாசி யூதர்களின் பட்டியலும் சீன வழிவந்தோரின் பட்டியலும். இனவாரியாகப் பிரித்து விலைக்கு வைத்த பட்டியல். இதை வாசித்தபோது எனக்கு 1983 ஜூலை நினைவுக்கு வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வாக்குப் போடுவதற்காகக் கொடுத்த பெயரும் விலாசமும்தான் அவை. ஒரு நோக்கத்துக்குச் சேர்த்த பட்டியல் இன்னொரு கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோப்பைக் கைக்கு எடுப்பது

பரிசோதனை செய்ய முடிவெடுத்தால், முதலில் வீட்டில் பேசுங்கள். தத்தெடுப்பு, வெளியே சொல்லாத பிறப்பு, மறைத்த நோய் எதுவும் வெளிவரலாம் என்பதைப் பெற்றோருக்கும் சகோதரங்களுக்கும் சொல்லுங்கள். நிறுவனத்தின் விதி இடம் கொடுத்தால் புனைபெயரிலும் தனியான மின்னஞ்சலிலும் பதியுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லையும் இரண்டு படிச் சரிபார்ப்பையும் முதல் நாளே போடுங்கள். உறவினரைத் தேடும் வசதியை நிறுத்திவையுங்கள். ஆராய்ச்சிக்கான சம்மதம் தனிக் கேள்வியாக வரும். வாசித்துப் பதில் சொல்லுங்கள். மிச்சத் துப்பலை அழிக்கும்படி கேட்கும் இடமும் அங்கேயே இருக்கும்.

முடிவு வந்ததும் கணக்கின் அமைப்புப் பகுதிக்குப் போய் மூலத் தரவைக் கேட்டு விண்ணப்பியுங்கள். ஆளைச் சரிபார்த்தபின் மின்னஞ்சலில் இணைப்பு வரும். சுருக்கிய கோப்பு சில மெகாபைட்தான். உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் இறக்குங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். பூட்டுச்சொல் இட்டு மறைக்குறியாக்கிய பென்டிரைவ் இரண்டில் வைத்து, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். கோப்பை ஆராய, ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பிளிங்க் போன்ற இலவச மென்பொருளை இணையத் தொடர்பு இல்லாமல் உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். வேறு தளத்தில் ஏற்றத்தான் வேண்டுமென்றால், யார் நடத்துகிறார்கள், பொலிசார் பார்க்க விடுகிறார்களா, கேட்டால் அழிப்பார்களா என்று முதலில் பாருங்கள்.

கோப்பு கைக்கு வந்தபின் கணக்கை அழிக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஆராய்ச்சியில் கலந்துவிட்டது திரும்பாது. ஆய்வுகூடச் சட்டத்துக்காகச் சில பதிவுகளை நிறுவனம் வைத்திருக்கும். ஆகவே முழுப் பாதுகாப்பும் துப்புவதற்கு முன் எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. கனடா 2017இல் மரபணுப் பாகுபாட்டைத் தடை செய்தது. அங்கே காப்புறுதி நிறுவனமோ முதலாளியோ பரிசோதனை முடிவைக் கேட்டு வற்புறுத்த முடியாது. உச்ச நீதிமன்றம் 2020இல் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. பிரான்ஸில் பொழுதுபோக்குக்காக இப்படிப் பரிசோதிப்பதே குற்றம், தண்டம் 3,750 யூரோ. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைச் சிறப்பு வகையில் சேர்த்தது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் 2025இல் தள்ளிப்போனது. ஒரே தாயின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பரிஸிலும் இறுப்பிட்டியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவான அதே எழுத்துகளை மூன்று சட்டங்கள் மூன்று விதமாகக் காக்கின்றன.

கேட்பவரின் பெயர்

துப்பலையோ இரத்தத்தையோ மனமாரக் கொடுக்க வேண்டிய நேரமும் எங்கள் மண்ணில் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை மருத்துவமனையில் 81 என்ற இலக்கத்தோடு இருந்த குழந்தை யாருடையது என்பதை 2005 பெப்ரவரியில் டி.என்.ஏ. சொன்னது. நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வி. விடை வந்ததும் பிள்ளை பெற்றோர் கைக்குப் போனது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தின் மனிதப் புதைகுழியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டறியப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்தபடி ஆண்டுக்கணக்காக நிற்கும் தாய்மாருக்கு, அந்த எலும்புகளோடு தங்கள் டி.என்.ஏ.யை ஒப்பிடுவதைவிடப் பெரிய தேவை எதுவும் இல்லை. அந்தத் தாய் கொடுக்கும் மாதிரி அந்த ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்ல வேண்டும். வேறெந்தப் பட்டியலிலும் அது ஏறக்கூடாது. அந்த உறுதியைக் கொடுப்பது மாதிரி கேட்பவரின் கடமை.

இறுப்பிட்டிப் படலையடியில் நிற்கும் பெரியவர் நம்மை விசாரித்து முடித்ததும் தன்னையும் சொல்வார்: தான் ஆர், எந்த வளவு, நமக்கு என்ன முறை. கேட்டவரும் சொன்னவரும் ஒருவரை ஒருவர் அறிந்தபின்தான் பேச்சு வீட்டுக்குள் போகும். குழாயை அனுப்பும் நிறுவனத்திடமும் அந்த முறையை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. அவர்கள் சொல்லும் விடை தெளிவாக இல்லாவிட்டால் குழாயைத் திறக்காமல் வைத்துவிடலாம். தெளிவாக இருந்தாலும், துப்புவதற்கு முன் ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அவரிடமும் கேட்காமல் கொடுக்க முடியாத பொருள் அது.